தண்டவாளமும் என் வாயும்

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில் தானா ராத்தாவுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு பிலிப்பைன்ஸ் இசையமைப்பாளர் டேப் ரெக்கார்டரோடு வந்தார். கோங்கு என்கிற வெண்கலத் தட்டு, மூங்கில் வாத்தியம் என்று ஊர் ஊராகப் பழைய சத்தங்களைப் பிடித்து, யாரும் கேட்டிராத புது இசை செய்பவராம். ஆள் கூப்பிட ஆபீஸ் வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டைக் கண்டதும் அடித்துக் காட்டச் சொன்னார். கங்காணியும் பெருமையாக ஓங்கி ஓங்கி அடித்தார்.

மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த எங்களுக்கு என்ன தெரியும்? கொழுந்து நிறுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அத்தனை பெண்களும் கூடையோடு ஓடி இறங்கினோம். விஷயம் தெரிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் கங்காணி, வெளையாட்டா இருக்கா? அரைக் கூடையோட எறங்க வச்சிட்டீங்களேலா! திரும்ப மல ஏற ஒங்க காலா வலிக்கும்?"

அந்த மனிதர் மெஷினை நிறுத்தவே இல்லை. பிறகு போட்டுக் காட்டினார். தண்டவாளம் அதிர்ந்தது, கால்கள் தடதடத்தன, எல்லாவற்றுக்கும் மேலே என் குரல். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"நீ ஏசுனதுதான் இருக்கறதிலேயே நல்ல சத்தமாம். இன்னொரு வாட்டி ஏசச் சொல்றாருலா," என்றார் கிராணி.

வாயை மூடு என்று கேட்டே வளர்ந்தவள் நான். ஏசு என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். கூடையை இறக்கி வைத்தேன், தொண்டையைச் செருமினேன், கங்காணியை முறைத்தேன். தினமும் வரும் கோபம் அன்றைக்குப் பார்த்து வரவில்லை, சிரித்துத் தொலைத்தேன்.

அதையும் பிடித்துக்கொண்டார்.