ஒப்படைத்தவர் பெயர்

என் அத்தானை அலுவலகத்தில் கரையான் என்று கூப்பிடுவார்கள். அவர் காதுபடவே கூப்பிடுவார்கள். நகராட்சி ரெக்கார்டு ரூமில் முப்பத்து நான்கு வருடம் குமாஸ்தாவாக இருந்தவர். ஏட்டுக்குள் தலையை விட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே எடுப்பார்.

"கரையான்னா அரிச்சுத் தின்னணும். நான் ஒரு ஏட்டையாவது தின்னுருக்கேனா? தின்னதெல்லாம் உங்கக்கா சமையல்தான். அதுக்கே தனியா ஒரு பல்லு வேணும்" என்பார். உள்ளே இருந்து அக்கா கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவாள். அதுதான் அவள் பதில்.

அக்கா போன பிறகு கீழ் வீட்டில் அவர், மாடியில் நான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். எங்களுக்குள் ஒரே செய்தித்தாள், ஒரே தண்ணீர் மோட்டார். காலையில் அவர் படித்துவிட்டுப் பேப்பரைப் படிக்கட்டில் வைப்பார். நான் எடுக்க இறங்கும்போது இரண்டு வார்த்தை பேசுவோம். சில நாள் அதுவும் இருக்காது.

ஒரு காலை, பேப்பரில் ஒரு விளம்பரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். ஊர் இடுகாட்டின் வடக்குப் பகுதியில், ஐம்பது வருடத்துக்கு மேல் கேட்பாரில்லாமல் கிடக்கும் குழிகளைச் சமன் செய்யப் போகிறார்கள். உரியவர்கள் மாதக் கடைசிக்குள் பதிவேட்டு நகலோடு மனு கொடுக்க வேண்டும்.

"எங்கம்மா அங்கதான் எங்கேயோ இருக்கா, சின்னவளே" என்றார்.

அவருக்கு நாலு வயதாகும்போது அம்மா இறந்துபோனாள். அந்த வருடம் ஊரில் விஷக்காய்ச்சல். இடம் எதுவென்று அவருக்குத் தெரியாது. கல் வைக்கவில்லை. மழையில் அடையாளம் போய்விட்டது என்று அவருடைய அப்பா சொல்லியிருந்தார். ஆனால் அந்த நாளைப் பற்றி அப்பா நிறையச் சொல்லியிருந்தார். கொட்டும் மழையில் பள்ளத்தில் தண்ணீர் ஊற ஊற வாளியால் மொண்டு ஊற்றியது, கால் வழுக்கி முழங்கால்வரை சேற்றில் இறங்கியது, ஒரு செருப்பு அங்கேயே போனது, தன் கையாலேயே முதல் மண்ணைப் போட்டது. அத்தான் இதை என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். அம்மா முகம் நினைவில்லாதவருக்கு அந்த மழைதான் அம்மா.

அந்தக் காலத்து இடுகாட்டு ஏட்டில் பெண்களுக்குப் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. 'பெண், வயது 26' என்று இருக்கும். அவ்வளவுதான். எதிரே 'ஒப்படைத்தவர்' என்று ஒரு கட்டம். அதில் இருப்பவர் பெயரை வைத்துத்தான் தேட முடியும். வேலையில் இருந்தபோது அத்தான் ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களிடம் ஒரு நாளைக்கு நாலு முறையாவது சொல்வாராம்: "செத்தவங்க பேரு வேணாம்மா. யார் கொண்டுவந்தாங்க? அதைச் சொல்லு."

அதையேதான் தன் அம்மாவுக்கும் செய்தார். அப்பா பெயரில் தேடினார். இல்லை. அப்பா பெயரை வேறு விதமாக எழுதியிருப்பார்களோ என்று பார்த்தார். பக்கத்து வருடங்களில் பார்த்தார். வேலையில் இருந்தபோதே பலமுறை தேடியதுதான். இப்போது பழைய சிநேகிதர்களின் தயவில் மறுபடியும் உள்ளே உட்கார்ந்தார். காய்ச்சல் வருடத்தில் 'பெண், வயது 26' என்று பதினொரு பேர். பதினொரு பேரும் அவருக்குத் தெரியாதவர்களின் பெயர்களுக்கு எதிரே இருந்தார்கள்.

"ஏடு தப்பா இருக்கும்" என்றார், சாயங்காலம் வாசலில் நின்று. முப்பத்து நான்கு வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. அவர்கள் முன்பு குடியிருந்த தெருவுக்குப் போய் யாரையாவது கேட்போம் என்றேன். அறுபத்து நான்கு வருடம் கழித்து அங்கே யார் இருப்பார்கள் என்று கேட்டார். ஆனால் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

வீடுகள் இருந்த இடமெல்லாம் கிடங்குகளாகியிருந்தன. முனையில் ஒரு இஸ்திரிக் கடை மட்டும் இருந்தது. மகன் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மா, எண்பது வயதிருக்கும், துணிகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் தன் அப்பாவின் தொழிலைச் சொன்னார், வீடு இருந்த பக்கத்தைக் காட்டினார். அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"எங்கம்மா பெட்டிக் கரியைக் கீழே கொட்டினா, ஓடிவந்து எடுத்துத் தின்பானே ஒருத்தன். நீதானா?"

"இருக்கும்" என்றார் அத்தான்.

"இருக்கும் என்ன இருக்கும். பல்லைக் காட்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தானும் சிரித்தார். பிறகு அம்மாவைப் பற்றிக் கேட்டார். அப்பா பெயரில் பதிவே இல்லை என்று சொன்னார்.

"உங்கப்பன் பேர்ல எப்படி இருக்கும்? அவன் எங்க இருந்தான்? வெளியூர் வேலைக்குப் போயிருந்தான். வந்து சேர பத்து நாளாச்சு. காய்ச்சல் பொணத்தை வச்சிட்டா இருப்பாங்க? சொந்தக்காரன் ஒருத்தனும் கிட்ட வரலை. கட்டைவண்டிக்காரன்தான் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனான், கொட்டுற மழையில. நீ எங்க வீட்டுல படுத்திருந்தே."

தேய்த்து மடித்து வைத்திருந்த யாருடைய சட்டையின் மேலோ அத்தான் கையை வைத்துக்கொண்டு நின்றார். "ஐயா, கையை எடுங்க, கசங்கும்" என்று மகன் சொல்லும்வரை.

பஸ்ஸில் திரும்பும்போது ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "என் கையால மண்ணு போட்டேன்னாரே அப்பா."

மறுநாள், அந்த அம்மாள் சொல்லியனுப்பிய வண்டிக்காரர் பெயர் ஏட்டில் உடனே கிடைத்தது. பதினொரு பேரில் ஆறாவது. வடக்குப் பகுதி, மூன்றாம் வரிசை, பதினேழாவது குழி. ஆனால் அந்தக் குழி சமன் செய்யும் பட்டியலிலேயே இல்லை. ஒரு குழியின் உரிமை ஒப்படைத்தவர் குடும்பத்துக்கு. குறிப்பிட்ட வருடங்கள் கழிந்த பிறகு அவர்கள் தங்கள் வீட்டு ஆள் ஒருவரை அதே குழியில் வைக்கலாம். முப்பது வருடத்துக்கு முன் வண்டிக்காரரையே அதில் வைத்திருந்தார்கள். கல்லும் அவர் பெயரில் இருந்தது. அத்தான் அந்தக் கல்லைப் பல தடவை கடந்து போயிருக்கிறார்.

வண்டிக்காரரின் மகள் சைக்கிள் கடை நடத்திக்கொண்டிருந்தாள். அறுபது தாண்டியவள். கையெல்லாம் கிரீஸ். நாங்கள் யாரென்று சொன்னதும் ஒரு ஸ்டூலைத் துடைத்து அத்தானுக்குப் போட்டாள். எனக்கு ஒரு மரப்பெட்டி.

"அந்தக் கல்லுல எங்கம்மா பேரையும் எழுதிக்கலாமா? கீழே, சின்னதா" என்று அத்தான் கேட்டார்.

அவள் வெகுநேரம் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. எங்கம்மா சாகுற வரைக்கும் அந்த இடத்துப் பக்கமே வரலை. 'யாரோ ஒருத்தி பக்கத்துல போய்ப் படுத்துக்கிட்டார் மனுஷன்'னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. இப்போ பேரையும் எழுதினா ஊரு என்ன பேசும்? நாளைக்கு என் மருமக கேப்பா, இது யாருன்னு. நான் என்ன சொல்றது?"

"சரிதான்" என்றார் அத்தான்.

"நீங்க எப்ப வேணும்னாலும் போய் நில்லுங்க. யாரும் கேக்க மாட்டாங்க." பிறகு, ஏதோ ஈடு கொடுப்பதுபோல, "உங்கப்பா இங்க வருவாரே, தெரியுமா?" என்றாள்.

எங்களுக்குத் தெரியாது.

"வருஷத்துக்கு நாலஞ்சு தடவை வருவார். அப்ப நான் சின்னப் பொண்ணு. வந்து உக்காந்துக்கிட்டு 'சொல்லுப்பா'ம்பார். எங்கப்பாவும் சொல்லுவார். குழியில தண்ணி ஊறினது, வாளியால மொண்டது..."

"கால் வழுக்கினது" என்றார் அத்தான்.

"ஆமா. ஒத்தச் செருப்போட வீட்டுக்கு வந்து எங்கம்மாகிட்ட திட்டு வாங்கினார் எங்கப்பா. அதையும் கேப்பார் உங்கப்பா. எந்தக் கால் செருப்புன்னு கேப்பார். ஆனா 'வாங்க, இடத்தைக் காட்டுறேன்'னு கூப்பிட்டா மட்டும் எழுந்து போயிடுவார். எங்கப்பா சொல்லிச் சொல்லி அலுத்துட்டார். இருந்தாலும் ஒரு தடவைகூட மாட்டேன்னு சொன்னதில்லை."

அத்தான் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

இடுகாட்டுக்கு ஒரே ஒரு முறை போனோம். நான் சற்றுத் தள்ளி நின்றேன். அவர் அந்தக் கல்லை, ஏட்டைச் சரிபார்ப்பவர்போல, மேலிருந்து கீழே வாசித்தார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "போலாம்" என்றார். வழியில், "அங்க நின்னா வண்டிக்காரரைத்தான் நினைக்க வருது" என்றார். எழுதி வைத்திருந்த மனுவைக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அம்மா பத்திரமாகத்தான் இருந்தாள், மகன் பெயரோ தன் பெயரோ இல்லாமல்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கோ போய்வந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் சட்டைக் கையில் கிரீஸ் இருந்தது. துவைக்கப் போட்டபோது பார்த்தேன்.

மூன்று வருடம் இப்படி ஓடியது. போன மாதம் அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். இடுகாட்டில் ஒப்படைத்தவள் நான். உறவென்று வேறு யாரும் இல்லை. பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களும் வெயில் ஏறுமுன் கிளம்பிவிட்டார்கள்.

இன்று காலை சைக்கிள் கடைக்குப் போய்ச் சொன்னேன். அவளுக்குச் செய்தி போயிருக்கவில்லை. நாலு ஞாயிறாக எதிர்பார்த்திருக்கிறாள். கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எப்படிக் கொண்டுபோனீங்க?"

"ஆஸ்பத்திரி வண்டியில."

"நீங்க அவர் பக்கத்துல உக்காந்துக்கிட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது.

"இல்ல. டிரைவர் பக்கத்துல உக்காந்தேன். பின்னால இடம் இருந்துச்சு. எனக்குத்தான் தைரியம் வரலை."

அவள் தலையை ஆட்டினாள். வெளியே ஒருவர் சைக்கிளை நிறுத்தி மணியடித்தார். "இருங்க, காத்து அடிச்சுட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனாள். நான் அவள் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.