அவசரகாலத்தில் மெதுவாகப் போனவன்

“...ஆனா இப்ப பாருங்கண்ணே, ரேஸும் இல்ல, கூட்டாளிங்களும் இல்ல. வேல விட்டா வீடு, வீட்டுக்கு வந்தா ரூம்புதான். எம் மகன் திருந்திட்டான்லா” என்று லெட்சுமி சொல்லிக்கொண்டிருந்தபோது, மெர்கோங்கில் அவள் வீட்டு வாசலை எவனோ ஒருவன் மோட்டார் சைக்கிளில் கிழித்துக்கொண்டு போனான். பெட்ரோல் புகை கூடத்துக்குள் வந்தது. எனக்கு அவள் அண்ணன் சன்னாசி ஞாபகம் வந்துவிட்டது.

பேர்தான் சன்னாசி. ஆசையெல்லாம் வேகத்தில். பாலிங் பக்கம் எங்கள் தோட்டத்துப் பட்டறையில் வேலை. பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்ட ஒரு மோட்டார் சைக்கிளுக்கு உயிர்கொடுத்து வைத்திருந்தான். காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டைபோட்ட அவசரகாலம் அது. தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதனால் ஐந்தரைக்கே, ரப்பர் ஆலையிலிருந்து கேட்வரைக்கும் போகும் நேர்ரோட்டில் பந்தயம். எதிராளி பக்கத்து மலாய்க் கம்பத்து மளிகைக்கடைக் காதர். கைக்குட்டையை வீசி ஆரம்பித்துவைப்பது நான். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். புழுதி முழுக்க என் வாயில்தான்.

கேட்டில் நின்ற மலாய்க்காரக் காவலர்தான் நடுவர். ஜெயித்தவனைப் பார்த்து “மெனாங்!” என்று கத்துவார். கத்திய கையோடு, காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி கடத்துகிறானா என்று அவன் பெட்ரோல் டாங்கியையும் தட்டிப் பார்ப்பார்.

இவ்வளவு வேகம் எதற்கடா என்று கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணி ஒருநாள் திட்டினார். சன்னாசி கைகட்டி நின்று சொன்னான்: “கவர்மெண்டே அவசரம்னு சொல்லிருச்சிங்க ஐயா. நான் மெதுவா போனா புடிச்சி உள்ள போட்டுற மாட்டாங்களா?” சிரிப்பை மறைக்கக் கிராணிக்கு மீசையைத் தடவவேண்டியதாயிற்று.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அவன் மெதுவானான். காரணம் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. காதர் கூப்பிட்டாலும் வரமாட்டான். யாரோடும் பேச்சில்லை. தோட்டமே சந்தோஷப்பட்டது. “பொறுப்பு வந்துருச்சி” என்றார் கிராணி. “பொண்ணு பாத்துரலாம்” என்றாள் அவன் அம்மா. ஒருநாள் என் ஓட்டைச் சைக்கிள் அவன் மோட்டாரை முந்திவிட்டது!

“என்னடா, மாப்ள ஊர்வலமா?” என்றேன்.

“நீங்க போங்கண்ணே” என்றான். அவ்வளவுதான். அவனை முந்திய கதையை நான் லயம் லயமாகச் சொல்லித் திரிந்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் சன்னாசி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். மனச்சோர்வு என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்களே, அந்த வார்த்தை அப்போது எங்களிடம் இல்லை. எங்களிடம் இருந்தது ‘திருந்திட்டான்’ மட்டும்தான்.

வேலி போய்விட்டது, கேட் போய்விட்டது. நேர்ரோடு செம்பனைத் தோட்டத்துக்குள் எங்கேயோ கிடக்கிறது. காதரும் போய்ச் சேர்ந்துவிட்டான். மோட்டார் சன்னாசி என்றால் தெரிந்தவர்கள் இனி நானும் லெட்சுமியும்தான்.

“லெட்சுமி, உங்கண்ணனையும் இப்படித்தாம்மா திருந்திட்டான்னு சொன்னோம்” என்றேன்.

அவள் சிரித்த முகம் அப்படியே நின்றது. “ராவெல்லாம் தூங்குறதில்லண்ணே. நான்தான் டிவி பாக்குறான்னு நெனச்சேன்” என்றாள். எழுந்துபோய் மகனின் அறைக் கதவைத் தட்டினாள்.

“தம்பி, எழும்பு. அம்மாவ மோட்டார்ல ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு போ. மெதுவா போனா எறங்கிருவேன், ஆமா.”

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அவள் கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டு, மறுபடியும் தட்டினாள்.