வெற்றிலைக் கொடியும் என் மூன்று நாளும்

எனக்கு மாதவிலக்கு நின்று ஆறு வருடம் ஆகிறது. இதை என் கணவரிடம் நான் சொல்லவில்லை. வெட்கமெல்லாம் இல்லை, அலுப்புத்தான். எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் நான் அடுப்பைத் தொடக் கூடாது, விளக்கேற்றக் கூடாது. சாப்பாடு மெஸ்ஸிலிருந்து டப்பாவில் வந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே விடுமுறை அதுதான். அதைப் போய் விடுவானேன்? மாதாமாதம் நானாகவே ஒரு நாளைப் பார்த்து, "இன்னிக்கு முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்துவிடுவேன். மனுஷர் சந்தேகப்பட்டதே இல்லை.

அந்த நாட்களில் பால்கனியில் இருக்கும் வெற்றிலைக் கொடியின் பக்கமும் நான் போகக் கூடாது. நிழல் பட்டாலே கருகிவிடும் என்பார். நாங்கள் குடியிருக்கும் சிஞ்ச்வட் ஊர் வெயிலிலும் வாடாமல் ஜன்னல் கம்பியில் பச்சைப்பசேலென்று ஏறி நிற்கும் கொடி. அவர்தான் அதற்கு எல்லாம்.

இந்த வருட மழையில் அதன் அடித்தண்டு கறுத்து அழுக ஆரம்பித்தது. அவருக்கோ முட்டி ஆபரேஷன் ஆகியிருந்தது; வாக்கரை விட்டுவிட்டுக் குனிய முடியாது. எனக்கு அன்றுதான் முதல் நாள் என்று சொல்லியிருந்தேன்.

"மூணு நாள் கழிச்சுத் தல குளிச்சிட்டு வந்து, நல்ல தண்டா வெட்டி நட்டு வை" என்றார்.

அதற்குள் அழுகல் நுனிவரை ஏறிவிடும். கண்ணெதிரே ஒரு கொடியைச் சாக விட்டுப் படுத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. என் தலையெழுத்து என்று எழுந்தேன்.

மதியம் அவர் தூங்கும்போது, அழுகாத மேல்பகுதியை வெட்டி, நான்கு கணுவுக்கு ஒன்றாக நறுக்கினேன். அடி இலைகளைக் கிள்ளி, மணலும் எருவும் கலந்த தொட்டியில் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றினேன். தொட்டியை நிழலுக்கு நகர்த்தும்போது பின்னால் வாக்கர் சத்தம்.

"அடிப்பாவி! தொட்டுட்டியா? இனி அது எங்க வேர் விடும்? எல்லாத்தயும் தூக்கிக் குப்பையில போடு!"

போட்டிருக்கலாம். பேசாமல் போய்ப் படுத்திருந்தால் விடுமுறையாவது மிஞ்சியிருக்கும். பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை.

"அதுக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு நின்னே ஆறு வருஷமாச்சு."

கத்துவார் என்று நினைத்தேன். ஏன் மறைத்தாய் என்று கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப சரி" என்றார், நிம்மதியாக. "இனிமே கொடியையும் நீயே பாத்துக்க. டப்பாக்காரனுக்குப் போன் போட்டு, வேணாம்னு சொல்லிடு."

கை மண்ணைக் கழுவிக்கொண்டு போன் செய்தேன். பிறகு ராத்திரிக்கு அரிசி களைந்து வைத்தேன்.