ஊர் சுற்றிய மின்விசிறி

சட்டைக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் பித்தான் மட்டுமே தைத்ததால் அவள் எல்லோருக்கும் பித்தான் அக்கா. கை வேகம், வாய் அதைவிட வேகம். நாட்டின் பொருளாதாரம் குப்புற விழுந்த வருஷம் கம்பெனிக்குப் பூட்டுப் போட்டார்கள். கை சும்மா ஆனது, வாய் ஆகவில்லை.

அரசாங்கமும் கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றது. கடைசியில் பணக்காரர்கள் மேல் புது வரி போட்டு, வேலை போனவர்களுக்கு மாத உதவி என்று அறிவித்தது. வந்த பணம் கொஞ்சம், கேட்டவர்கள் ஏராளம். அதனால் வீடு வீடாக ஆள் வந்து, இருக்கிற பொருளுக்கு மார்க் போடுவாராம். மார்க் ஏறினால் உதவி கிடையாது. அக்காவின் மகள் படிப்பை நிறுத்த வேண்டியதுதான்.

இத்தனையும் தெரிந்தும் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? எதிர்வீட்டின் இறக்கை உடைந்த மின்விசிறியையும் சலூன்காரர் நாற்காலியையும் இரவல் வாங்கி வைத்தாள். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, மார்க் ஏறிடும்மா!"

"ஏறட்டும்டி. வீட்டுக்கு வர்ற மனுஷனை வேர்க்க விறுவிறுக்கத் தரையிலயா உக்கார வைப்பேன்?"

கணக்கெடுப்பவர் வந்தார். உட்கார்ந்தார், காற்று வாங்கினார், எழுதினார்: மின்விசிறி ஒன்று, நாற்காலி ஒன்று. அக்கா அவரை வாசல்வரை போய் வழியனுப்பினாள். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி பின்வாசலில் நின்றாள். "அக்கா, அடுத்து எங்க வீடு. சீக்கிரம் குடுங்க!"

நாலாவது வீட்டில், இறக்கை உடைந்த அதே மின்விசிறி கடகடவென்று சுற்றுவதைப் பார்த்துக் கணக்கெடுப்பவர் வாய்விட்டுச் சிரித்தார். நேராக அக்கா வீட்டுக்குத் திரும்பி வந்து, வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நிஜத்தைச் சொல்லுங்கக்கா. உங்களுக்குன்னு சொந்தமா என்ன இருக்கு?"

அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஊசிப்பெட்டி சார். அப்புறம் இந்த வாய்."

அவர் எழுதியதை அடித்தார். அவர் சட்டையில் தொங்கிய பித்தானை அக்கா கேட்காமலே தைத்துக் கொடுத்தாள்.

உதவி வந்தது. மகள் பள்ளிக்கூடக் கட்டணம் போக, மூன்று மாதம் மிச்சம் பிடித்து அக்கா வாங்கிய முதல் பொருள் ஒரு நாற்காலி.

"அம்மா! அடுத்த வருஷமும் மார்க் போட வருவாங்கம்மா!"

"வரட்டுமே. வந்தா உக்காரத்தானே வாங்கியிருக்கேன்."