பி.பி. நம்பரில் ஒரு மோடம்

"இன்னா சார் பண்ணி வெச்சிட்டுப் போனீங்க? தெருவே என்னை ஏசுது!"

செஞ்சியில் நெல் மண்டி வைத்திருந்த அருளப்பன், பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து கத்தினார். நான் அப்போது விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் என்ஜினியர்.

முந்தைய வாரம்தான் அவருடைய யூனிக்ஸ் கம்ப்யூட்டரை மோடம் வைத்து மண்டி போன் லைனில் இணைத்து, டயல்-அப் போட்டுக் கொடுத்திருந்தேன். கொள்முதல் கணக்கு அதன் வழியாக, அவர் நெல் வாங்கிக் கொடுக்கும் கம்பெனியின் சென்னை ஹெட் ஆபீஸுக்குப் போகும். "லைன் கட்டே ஆகக்கூடாது" என்பது அங்கிருந்த மேனேஜரின் உத்தரவு. அதனால், அறுந்தால் மோடம் தானே மறுபடி டயல் செய்கிற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதினேன். முதல் தடவையிலேயே லாகின் ஆனதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மோடத்தின் அந்தக் கீச்சுக் குரலை இன்று நினைத்தாலும் ஆசையாக இருக்கிறது.

அடுத்த பஸ்ஸில் செஞ்சிக்குப் போனேன். மண்டி பெஞ்சில் எதிர்வீட்டு ஜமீலா உட்கார்ந்திருந்தார். கணவர் சவுதியில் டிரைவர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மண்டி நம்பருக்குத்தான் கூப்பிடுவார். வீட்டில் போன் இல்லாதவர்கள் இப்படி அடுத்தவர் நம்பரைக் கொடுத்து வைப்பார்கள், பி.பி. நம்பர் என்போம். பாதித் தெருவுக்கு அருளப்பன் நம்பர்தான்.

"போன வாரம் போன் வரல தம்பி. அவருக்கு ஒடம்புக்கு இன்னாவோன்னு பயமா இருக்குது" என்றார் ஜமீலா.

என் மோடம் லைனை விடாததால் அந்த நம்பர் ஒரு வாரமாக எங்கேஜ்டு. மெஷினைத் தொட்டால் கணக்கு அழிந்துவிடும் என்று அருளப்பனும் பக்கத்தில் போகவில்லை. அன்றும் வெள்ளிக்கிழமை. உடனே இணைப்பை நிறுத்தினேன்.

போன் அடித்தது. ஜமீலா எழுந்தே விட்டார். ஆனால் மேனேஜர்.

"லிங்க் ஏன் டவுன்?"

"எக்ஸ்சேஞ்சுல ஃபால்ட்டு சார். போனே வேலை செய்யல" என்று சொல்லி வைத்துவிட்டார் அருளப்பன். போனிலேயே அப்படிச் சொன்ன மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

மறுபடி மணி. இந்த முறை சவுதி.

அத்தனை நாள் பயந்து கிடந்த ஜமீலா, ரிசீவரை வாங்கியதும் கேட்டது ஒன்றுதான்: "சாப்டீங்களா?" அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார். நானும் அருளப்பனும் வாசலுக்கு வந்துவிட்டோம்.

மணிக்கு ஒரு முறை டயல் செய்து, கணக்கை அனுப்பிவிட்டுத் தானே கட் ஆகும்படி மாற்றினேன். வெள்ளிக்கிழமை மதியம் டயலே கிடையாது. கணக்கு ஒழுங்காகப் போனதால் மேனேஜர் எதுவும் கேட்கவில்லை.

ஃபைபர் போடும் இன்றைய பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். நான் ஓய்வு பெறும்வரை, எந்த ஊருக்குப் போனாலும் பையிலிருந்து மோடத்தை எடுக்கும் முன் கேட்பேன்: "இந்த நம்பரை வேற யாருக்கெல்லாம் குடுத்திருக்கீங்க?"