ஒட்டுப் பிரிந்த உறைகள்

சென்ற வியாழக்கிழமை காலை, பெங்களூரிலிருந்து வந்த முதல் பஸ்ஸின் கண்டக்டர் காபிக் கடையில் என்னைப் பார்த்து, "உங்க ஹெட்மாஸ்டர் போயிட்டாருங்க சார். ஆஸ்பத்திரியில இருந்து சொல்லச் சொன்னாங்க" என்றார். கையில் இருந்த காபியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் பள்ளிக்குச் சொல்ல நடந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. முனிரத்தினத்தைப் பற்றி எழுதும்போது பொய் கலந்தால் அவர் அதைச் சிவப்பு மையால் அடித்திருப்பார்.

இரங்கல் கூட்டத்தில் நான் பேசவில்லை என்பதைக் கவனித்த சிலர், பள்ளி மலருக்காவது எழுதித் தாருங்கள் என்றார்கள். அவரிடம் படித்தவர்களும் அவரோடு பணியாற்றியவர்களும் இதைப் படிப்பீர்கள். நீங்கள் அறிந்த தலைமையாசிரியரைப் பற்றி நான் சொல்வதற்கு அதிகம் இல்லை. அதற்கு முன் அவர் விஞ்ஞான ஆசிரியராக இருந்தார். அவரிடம் ஒரு கார் இருந்தது. நான் அந்தக் காரில் மூன்று குளிர்காலம் பள்ளிக்கு வந்தேன்.

யுத்தத்துக்கு முந்திய சின்னப் பச்சைக் கார் அது. மார்கழியில் ஓசூரின் குளிர் எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் அந்தக் காரின் கண்ணாடிகள் வெளிப்பக்கத்தைவிட உள்பக்கம் அதிகமாக நனைந்திருக்கும். அவர் நான்கு கதவுகளையும் திறந்து போட்டு, காலடியில் கிடக்கும் தேங்காய் நார் மிதியடிகளை எடுத்து வேலியில் விரிப்பார். பிறகு பழைய செய்தித்தாளைக் கசக்கிக் கண்ணாடியை உள்ளே துடைப்பார். துணியால் துடைத்தால் ஈரம் இடம் மாறுமே தவிரப் போகாது என்பார். முன்கண்ணாடிக்கு அடியில் ஒரு துணிப்பையில் கல்லுப்பு இருக்கும். அது நசநசத்துப்போனால் வெயிலில் காயவைத்து மறுபடி வைப்பார். காரை நிறுத்திவிட்டுப் போகும்போது இரு பக்கக் கண்ணாடிகளையும் ஒரு விரல் அகலம் இறக்கி வைப்பார். "ஈரம் வெளிய இருந்து வர்றதில்ல சார். நாமதான் கொண்டாந்து உள்ள வெச்சுப் பூட்டறோம்" என்பது அவர் பேச்சு.

ஓடும் காரில் எங்கள் மூச்சே கண்ணாடியை மறைத்துவிடும். எனக்கு அந்த நாட்களில் சொல்ல நிறைய இருந்தது. எனக்குக் கிடைக்காத கல்லூரி வேலை, அதைப் பெற்றவனின் தகுதி, என் சம்பளப் படியில் நடந்த அநியாயம் என்று நான் பேசிக்கொண்டே வருவேன். ஒரு நாள் ஏரிக்கரை வளைவில் அவர் காரை நிறுத்தி, கையால் கண்ணாடியைத் துடைத்தார்.

"சார், உங்க கொறையெல்லாம் கண்ணாடியிலதான் படியுது. பள்ளிக்கூடம் போனதும் மிச்சத்தச் சொல்லுங்க. எனக்கு ரோடு தெரியணும்."

நான் சிரிக்கவில்லை. அவர் வெகுநேரம் சிரித்தார்.

அப்போதைய தலைமையாசிரியர் அடுத்த கோடையில் ஓய்வு பெறுவதாக இருந்தார். பணியில் மூத்தவன் நான். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் அரையாண்டுத் தேர்வின் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். கேள்வித்தாள்கள் பெங்களூரில் ஓர் அச்சகத்தில் தயாராகின. அவற்றை வாங்கிவர முனிரத்தினத்தின் காரில் போனோம். அரக்கு முத்திரை வைக்க நேரமில்லை என்று, மைதாப் பசையால் ஒட்டிய உறைகளைச் சணலால் கட்டிக் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

அத்திப்பள்ளி தாண்டியதும் தூறல் பிடித்தது. ஊர் வந்து சேர்ந்தபோது பள்ளி பூட்டியிருந்தது. கட்டுகள் பின் இருக்கையில் இருக்கட்டும், காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் தம் வீட்டுக் கொட்டகையில் காரை நிறுத்திவிட்டு, வழக்கம்போலக் கண்ணாடியை இறக்கப் போனார்.

"வேண்டாம், முழுக்க ஏத்துங்க. உள்ளே இருப்பது கேள்வித்தாள்" என்றேன்.

"ஒரு வெரல் சந்துல யாரு சார் கைய வுடப் போறா? மிதியடியெல்லாம் நனைஞ்சு கெடக்குது."

"பொறுப்பு என்னுடையது. ஏத்துங்க."

அவர் ஏற்றினார். நனைந்த குடைகளும் மிதியடிகளும் உள்ளேயே இருந்தன. மறுநாள் நான் கட்டுகளை எடுத்துப்போய், பிரித்துப் பார்க்காமல் பள்ளி அலமாரியில் வைத்தேன். தேர்வன்று தலைமையாசிரியர் முன்னிலையில் சணலை அவிழ்த்தபோது, பள்ளி இறுதி வகுப்பான ஆறாம் பாரத்துக்கான உறைகளில் பாதி வாய் திறந்து கிடந்தன. என் தங்கை மகன் அந்த ஆண்டு ஆறாம் பாரத்தில் படித்தான்.

தலைமையாசிரியர் கரும்பலகையில் வேறு கேள்விகளை எழுதித் தேர்வை நடத்திவிட்டார். என் பிரச்சினை அதோடு முடியவில்லை. பள்ளிக் காரியதரிசி நிலபுலம் உள்ளவர், நேரடியாகப் பேசுகிறவர். நிர்வாகக் குழுவின் முன் என்னை நிற்கவைத்துக் கேட்டார்:

"ஏன் வாத்தியாரே, கவரு தானாத் தொறந்துக்குமா? அதுக்கென்ன கையா காலா?"

அவை எப்படித் திறந்தன என்று எனக்கே தெரியவில்லை. விசாரணை முடியும்வரை பள்ளிக்கு வர வேண்டாம் என்றார்கள். இருபது ஆண்டு பணி செய்தவன், திருடன் என்ற சொல்லை யாரும் சொல்லாமலே கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். என்னை வேலையிலிருந்து நீக்குவது பற்றியும் பேச்சு நடந்ததாகப் பின்னால் அறிந்தேன்.

மூன்றாம் நாள் முனிரத்தினம் யாரும் அழைக்காமல் காரியதரிசியிடம் போயிருக்கிறார். "ஐயா, அதத் தொறந்தது கை இல்லீங்க, என் காரு. ரெண்டு நாள் குடுங்க, காட்டறேன்."

"காரு கவரத் தொறக்குமா! இதுக்குத்தான் சயின்சு படிச்சீங்களா?" என்று அவர் சிரித்தாராம். ஆனால் சம்மதித்தார்.

அதே போன்ற ஆறு உறைகள், அதே போன்ற பசை. காரியதரிசியே ஒட்டி, ஒட்டின்மேல் கையெழுத்திட்டார். நனைந்த மிதியடிகளையும் குடைகளையும் உள்ளே போட்டு, கண்ணாடிகளை முழுக்க ஏற்றிப் பூட்டி, சாவியைக் காரியதரிசி தம் மடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை என்னையும் வரச் சொன்னார்கள். பனி விலகாத நேரத்தில் காரியதரிசி கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினார். கூரைத் துணியிலிருந்து சொட்டிய நீர் அவர் கழுத்தில் விழுந்தது.

"அடேங்கப்பா! உள்ளாற மழையே பேஞ்சிருக்குதே!"

ஆறு உறைகளில் நான்கு, தொட்டதும் பிரிந்துகொண்டன. அடுத்த நாள் மிதியடிகளையும் குடைகளையும் எடுத்துவிட்டு, கண்ணாடிகளை ஒரு விரல் இறக்கி, புதிதாக ஆறு உறைகள் வைத்தார்கள். அவற்றைக் கிழித்துத்தான் திறக்க முடிந்தது.

காரியதரிசி என் பக்கம் திரும்பவில்லை. முனிரத்தினத்திடம் கேட்டார்: "அன்னிக்குக் கண்ணாடிய முழுக்க ஏத்தச் சொன்னது யாரு?"

அவர் கார்க் கதவைச் சாத்தினார். "சார் சொன்னாருங்க. ஏத்துனது நான்."

ஏத்தினது நான் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அதுவும் உண்மைதான். முதல் பாதியை அவர் சொல்லியிருக்க வேண்டாம் என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

என்மேல் இருந்த சந்தேகம் நீங்கியது. மறுநாளே வேலைக்குத் திரும்பினேன். கோடையில் தலைமையாசிரியர் பதவிக்குக் குழு முனிரத்தினத்தைத் தேர்ந்தெடுத்தது. "கேக்காம ஏத்தச் சொல்றவரு வேணாம், செஞ்சு காட்டறவரு வேணும்" என்று காரியதரிசி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். என்னைக் காப்பாற்றிய சோதனையே என் நாற்காலியை அவரிடம் கொடுத்துவிட்டது. அவர் என்னைவிட மூன்று வயது இளையவர்.

உத்தரவு வந்த அன்று என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "நீங்க வேணாம்னா நான் கையெழுத்துப் போடல சார்" என்றார். "போடுங்க" என்றேன். அதற்குப்பின் ஆறு ஆண்டுகள் பள்ளி விஷயம் தவிர வேறு எதுவும் அவரிடம் பேசவில்லை. முதல் குளிர்காலத்தில், நடந்து போகும் என் பக்கத்தில் காரை நிறுத்திக் கதவைத் திறப்பார். நடப்பது உடம்புக்கு நல்லது என்பேன். அடுத்த குளிர்காலத்தில் அவர் நிறுத்தவில்லை. அதையும் ஒரு குறையாகவே எடுத்துக்கொண்டேன்.

அவர் நல்ல தலைமையாசிரியராக இருந்தார். நான் அவ்வளவு நன்றாக இருந்திருக்க மாட்டேன் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

திங்களன்று காரியதரிசி வந்து, "இனி நீங்கதான் பாத்துக்கணும் வாத்தியாரே" என்றார். ஆசிரியர் வருகைப் பதிவேட்டை என் முன் நகர்த்தினார். அதில் முதல் வரி தலைமையாசிரியருடையது, இரண்டாவது என்னுடையது. நான் இரண்டாவது வரியில் கையெழுத்திட்டேன். மேலே இடம் காலியாக இருக்கிறதே என்றார். பழக்கம் என்றேன்.

அது முழு உண்மை அல்ல. அந்தச் சோதனை நடக்காமல் இருந்திருந்தால் பதிவேட்டில் எந்த வரியிலும் என் பெயர் இருந்திருக்காது. முனிரத்தினத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டாவது வரி. அவரிடம் இதைச் சொல்ல எனக்கு ஆறு ஆண்டுகள் இருந்தன. சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.