மாடி வீட்டுப் பார்சல்

எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருந்த தம்பிக்கு வாரம் ஒரு பார்சலாவது வரும். பகலில் அவன் கம்பெனிக்குப் போய்விடுவான். என் மனைவிதான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பாள். போத்தனூரில் எங்கள் வீதி முழுக்க அவளுக்கு இதே வேலை. உள்ளே என்ன என்று ஒருவரையும் கேட்கமாட்டாள். கேட்டால் மரியாதையில்லையாம்.

ஒரு மதியம் மஃப்டி போலீஸ் நான்கு பேர் வந்து நின்றார்கள். அவள் அப்போதுதான் வாங்கி வைத்த பெட்டியில் இருந்தது போதை மாத்திரை. மேலே எழுதியிருந்தது அவள் பெயர். தம்பியைக் கம்பெனியிலேயே பிடித்துவிட்டார்களாம்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. விளக்கினார். டார்க் வெப் என்று ஒன்று, இன்டர்நெட்டில் சாதாரணமாகத் தேடினால் அகப்படாத சந்தை; தம்பி வாங்கியது அங்கேதானாம். அங்கேயும் கடைக்காரனுக்கு ஸ்டார் போடுகிறார்கள், பேக்கிங் பிரமாதம் என்று பாராட்டி எழுதுகிறார்கள். ஒன்றை மூடினால் நாலு முளைக்கிறது. சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துப்போயிருந்தது. எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. இவளைச் சாட்சியாகச் சேர்ப்பார்களா, குற்றவாளியாகவா?

"ஏனுங்கம்மா, உங்க பேர்ல வந்திருக்குது. உங்களுக்குத் தெரியாமயா போட்டான்?"

'தெரியாது' என்ற ஒரு வார்த்தையைத்தான் வழியெல்லாம் சொல்லிக்கொடுத்து அழைத்து வந்திருந்தேன்.

"தெரியுமுங்க. நாந்தான் போட்டுக்கச் சொன்னேனுங்க. ஆளு இல்லீனு கொரியர்காரரு திருப்பிக் கொண்டுபோயிடறாருன்னு தம்பி சங்கடப்பட்டுச்சு. அதுக்கென்ன கண்ணு, எம் பேரையே குடுத்துப்போடுன்னேன்."

எஸ்.ஐ. பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதை அப்படியே எழுதட்டுங்களா?"

"எழுதிக்குங்க சார்," என்றாள் அவளே. "நடந்ததைத்தானுங்க சொல்றேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தம்பி மேலா, அவள் மேலா, இன்றுவரை தெரியவில்லை.

இரண்டாம் குற்றவாளியாகச் சேர்த்துவிட்டார்கள். ஜாமீனில் வெளியே இருக்கிறாள். வாய்தாவுக்கு வாய்தா டவுன் பஸ் ஏறிக் கோர்ட்டுக்குப் போகிறோம், மதியம்வரை காத்துக் கிடக்கிறோம், தேதி தள்ளிப்போகிறது. உடம்பும் மனசும் சலித்துவிட்டன. டவாலி அவள் பெயரைச் சத்தமாகக் கூப்பிடும்போது, விருந்தாளி வாசலில் நிற்பதுபோல அவசரமாகச் சேலையைச் சரிசெய்துகொண்டு, "இதோ வாரேனுங்க" என்கிறாள்.